ஜெனரலின் நகக்கண்ணில் மண்

புதன்கிழமை காலை அப்பாவுக்கு நகம் வெட்டும்போதுதான் ஹெட்விக் அந்த மண்ணைக் கவனித்தாள். இடது கையின் ஐந்து விரல்களிலும், நகக்கண்ணுக்குள், மஞ்சளாக, ஈரமாக அப்பியிருந்தது. மூன்று வருடமாகப் படுக்கையை விட்டு இறங்காத மனிதர். பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சில் பெரும்பகுதியையும் கொண்டுபோன பிறகு அவர் தொட்டதெல்லாம் போர்வை, கரண்டி, மகளின் மணிக்கட்டு. அவ்வளவுதான்.

நக அரத்தின் முனையால் கொஞ்சம் சுரண்டி எடுத்து முகர்ந்து பார்த்தாள். நெடுநாள் பூட்டிக் கிடந்த நிலவறையைத் திறந்தால் வருமே, அந்தக் குளிர்ந்த வாடை. அதற்கடியில் இனிப்பாக இன்னொன்று. அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு விருப்பமில்லை.

"எங்கேர்ந்து வந்துச்சு இது?" என்றாள் வெந்நீர்ப் பாத்திரத்தோடு உள்ளே வந்த கல்வைட் அம்மாள். போர் முடிந்த குளிர்காலத்தில் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து சேர்ந்த விதவை. தினமும் காலையில் வந்து ஜெனரலைத் தூக்கித் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போவாள்.

"பூத்தொட்டி மண்ணா இருக்கும்."

"பூத்தொட்டி மண்ணு கறுப்பால்ல இருக்கும். இந்த ஊர்ல தோண்டினா வெறும் மணலு. இது களிமண்ணும்மா. எங்க பக்கம், அதுக்கு அந்தாண்ட ரஷ்யா வரைக்கும் இப்படித்தான். மழை பேஞ்சா பூட்ஸைப் பிடிச்சுக்கிட்டு விடாது." அவள் குனிந்து கிழவரின் காதருகே சொன்னாள்: "ஜெனரல் ஐயா, எங்களுக்குத் தெரியாம உருளைக்கிழங்கு பிடுங்கப் போறீங்களா? போனா எனக்கும் ஒரு கூடை கொண்டாங்க."

கிழவரின் கண்கள் கூரையிலேயே இருந்தன. கையைக் கழுவிய தண்ணீர் மஞ்சளாயிற்று. ஹெட்விக் அதை ஜன்னல் வழியே கொட்டினாள்.

அந்த ஊரில் ஜெனரல் கான்ராட் ட்ரெஸ்லிங்கைத் தெரியாதவர் இல்லை. முதல் போரில் இருபத்தைந்து வயதில் பதக்கம் வாங்கியவர். இரண்டாம் போரில் ஒரு ஜெர்மானியப் படைப்பிரிவையே கிழக்கே ரஷ்யாவுக்குள் நடத்திச் சென்று, மூன்று ஆறுகளைத் தாண்டி, பிறகு அதே மூன்று ஆறுகளையும் பின்வாங்கித் தாண்டி, மிஞ்சியவர்களை வீடு சேர்த்தவர். பிரிட்டிஷ்காரர்கள் நாலு வருடம் போர்க்கைதி முகாமில் வைத்திருந்துவிட்டு, குற்றச்சாட்டு ஏதுமில்லாமல் விட்டுவிட்டார்கள். அதன்பின் பழைய வீரர்கள் கூடும் மண்டபங்களிலெல்லாம் அவர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "என் ஆட்கள் போரிட்டார்கள், வேறெதையும் செய்யவில்லை." அப்போதெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து ஹெட்விக்கும் கைதட்டியிருக்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை, போரில் இறந்தவர்களை நினைக்கும் நாளில், ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய ராணுவக் குடியிருப்புக்கு அவர் பெயரை வைக்கப்போகிறார்கள்.

அந்தப் புதன்கிழமை மாலை நாலு மணிக்கே வெளிச்சம் வடிந்துவிட்டது. நவம்பர் அப்படித்தான். சமையலறையில் ஞாயிற்றுக்கிழமைக்கான கறுப்பு உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அடுப்பில் நிலக்கரி சரியும் சத்தத்துக்கும் கூரை ஓரத்திலிருந்து சொட்டும் தண்ணீருக்கும் நடுவே, மாடியிலிருந்து வேறொரு சத்தம் கேட்டது. ஈரமான எதையோ கூரான எதுவோ அறுத்துக்கொண்டு இறங்குவதுபோல ஒரு சரக், பிறகு ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை, பிறகு மெத்தென்று ஏதோ விழுவது, மறுபடி சரக். தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்களுக்கு அந்தத் தாளம் தெரியும். அவளுக்கும் தெரிந்தது.

படியேறினாள். கடைசிப் படியில் காலை வைத்ததும் சத்தம் நின்றுவிட்டது. அப்பா மல்லாந்து கிடந்தார். நெற்றி வியர்த்திருந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த இடது கையை அவள் புரட்டிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும், கல்வைட் அம்மாள் வருமுன், படுக்கை விரிப்பைத் தானே உருவி நிலவறைக்குக் கொண்டுபோய்த் துவைத்தாள். அதில் ஆள் உயரத்துக்கு மஞ்சள் கறை. அதன்பின் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னல் கொக்கிகளைப் பார்த்தாள். சொட்டாத குழாயை இறுக்கினாள். கடிகாரத்துக்கு இரண்டு முறை சாவி கொடுத்தாள். ரொட்டியில் வெண்ணெய் தடவி, சாப்பிடாமல், கையில் வைத்தபடியே அறை அறையாக நடந்தாள். நாலு மணிக்குச் சத்தம் வந்தபோது வானொலியைத் திருப்பிவிட்டாள். யாரோ வால்ட்ஸ் நடன இசை வாசித்தார்கள். வால்ட்ஸின் தாளத்துக்கு அடியில் அது தன் தாளத்தில் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேஜர் ப்ரான்டெஸ் வந்தார். ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு அவர்தான் பொறுப்பு. நாற்பது வயது, நல்ல மனிதர், பிளம் கேக்கில் மூன்றாவது துண்டை எடுக்கும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"கண்ணாடிப் பெட்டியில வைக்க ஜெனரல் ஐயாவோட பொருள் ஏதாவது வேணும். பைனாகுலர், வரைபடப் பை, அந்த மாதிரி. புதுசா படையில சேர்ற பசங்களுக்கு அதைப் பார்த்து ஊக்கம் வரணும்."

"எடுத்து வெச்சிருக்கேன்."

"ரொம்ப நன்றி." கையிலிருந்த காபிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "இன்னொரு விஷயம். பெரிசா ஒண்ணும் இல்ல. இப்போ சில வக்கீலுங்க பழைய ராணுவக் கோப்புகளையெல்லாம் கிளறிக்கிட்டு இருக்காங்க. நாப்பத்தொண்ணு அக்டோபர். சோஸ்னவிட்ஸான்னு கிழக்கே ஒரு ஊரு. அங்கே இருந்த யூதர்களை... உங்களுக்குத் தெரியும். அதைச் செஞ்சது நாம இல்ல, வேற ஆளுங்க. ஆனா குழி தோண்டினது நம்ம பொறியாளர் படைன்னும், அதுக்கு மேலேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரு உத்தரவு வந்துச்சுன்னும் யாரோ சாட்சி சொல்றான். காகிதம் எங்கயும் கிடைக்கல."

ஹெட்விக் கேக் துணுக்குகளை விரலால் ஒன்று சேர்த்தாள்.

"உங்ககிட்ட அந்த மாதிரி எதுவும் இருக்காதுன்னு நம்புறேன்" என்றார் மேஜர். "பழைய வீட்ல என்னென்னமோ தேங்கிடும். குளிர்காலம் வேற. அடுப்புக்கு ஏதாவது வேண்டியிருக்குமில்ல."

அப்போது மாடியில் தொடங்கியது. சரக். மேஜர் தலையைத் தூக்கினார்.

"யாராச்சும் வேலை செய்றாங்களா?"

"தண்ணிக் குழாய்" என்றாள் ஹெட்விக். "பழைய வீடு."

அவர் தலையாட்டினார். ஆனால் நாலாவது துண்டை எடுக்கவில்லை. கோட்டின் பொத்தானைத் தெருவில் நின்றுதான் போட்டார்.

அந்தக் காகிதம் இருந்தது. துணி அலமாரியில், தலையணை உறைகளுக்கு அடியில். நாற்பத்தாறாம் வருடக் கோடையில், அப்பா முகாமில் இருந்தபோது, பெட்டிகளை ஒழுங்குபடுத்துகையில் கிடைத்தது. தட்டச்சில் ஆறு வரி. அறுபது ஆட்கள், மண்வெட்டிகள், ஊருக்கு வடக்கே உள்ள பள்ளம், 'யூதக் குடிகள் மீதான நடவடிக்கைக்காக'. ஓரத்தில் பென்சிலால் அப்பாவின் நிமிர்ந்த கையெழுத்து: ஆழம் போதாது. நிலம் உறைவதற்குள் முடிக்கவும்.

அன்றைக்கே எரித்திருக்கலாம். அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். இரண்டும் செய்யாமல் பதினைந்து வருடம் அதன்மேல் வெளுத்த உறைகளை மடித்து மடித்து அடுக்கினாள். மண்டபங்களில் கைதட்டியபோதும் அது அங்கேதான் இருந்தது.

சனிக்கிழமை காலை கல்வைட் அம்மாள் மாடியிலிருந்து சீக்கிரமே இறங்கி வந்தாள். கைகளைப் பாத்திரத் தொட்டியில் கழுவினாள். துடைத்துவிட்டு மறுபடி கழுவினாள்.

"நாளைலேர்ந்து நான் வரலம்மா."

"என்ன ஆச்சு?"

"ஐயாவைப் புரட்டினேன். அடியில கையை விட்டேன். கை போய்க்கிட்டே இருக்கு. தோள் வரைக்கும் போச்சு. கட்டில் பலகை தட்டுப்படல. சில்லுன்னு காத்து வந்துச்சு கீழேர்ந்து."

"நீங்க களைச்சுப் போயிருக்கீங்க."

"இருக்கலாம்." கல்வைட் அம்மாள் தலைத்துணியைக் கட்டினாள். அவள் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. "என் புருஷன் உங்கப்பா படையிலதான் இருந்தாரு. பொறியாளர் படை. நாப்பத்தொண்ணு கிறிஸ்துமஸுக்கு லீவுல வந்தாரு. பத்து நாளும் கையைக் கழுவிக்கிட்டே இருந்தாரு. 'எதுக்கு இப்படி தண்ணியை வீணடிக்கிறே'ன்னு நான் திட்டினேன். திரும்பிப் போனவரு, போனவருதான். நான் கேக்கவேயில்ல என்னன்னு." கதவருகே நின்றாள். "உங்ககிட்ட ஏதாவது இருந்தா குடுத்துடுங்க ஹெட்விக். நான் கேக்காம விட்டது போதும்."

அவள் ஒருமுறைகூட அதுவரை ஹெட்விக்கைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மூன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. மேஜர்தான். நாளைக்குக் கார் பத்து மணிக்கு வரும் என்றார். வானிலை பற்றிச் சொன்னார். பிறகு, "வீடு சுத்தம் பண்ணிட்டீங்களா?" என்றார்.

ஹெட்விக்கின் மறு கையில் அந்தக் காகிதம் இருந்தது. காலையிலிருந்தே கையில்தான் இருந்தது. வக்கீல்களிடம் கொடுத்துவிடலாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வயது நாற்பத்தெட்டு, கணவன் இல்லை, பிள்ளை இல்லை, கடைக்காரன் எழுந்து நின்று வணங்குவதெல்லாம் ட்ரெஸ்லிங் என்ற பெயருக்கு. அது போனால் அவளிடம் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. தவிர, இந்தக் காகிதம்தான் அந்தச் சத்தத்தைக் கூட்டி வந்தது என்றும், இது போனால் அதுவும் போகும் என்றும் அவளுக்கு எப்படியோ உறுதியாகத் தோன்றியிருந்தது.

"பண்ணிட்டேன்" என்றாள். "இங்கே ஒண்ணும் இல்ல."

"நல்லது" என்றார் மேஜர். அவர் மூச்சு விடுவது கேட்டது.

அடுப்பின் கதவைத் திறந்தபோது மாடியில் தொடங்கிவிட்டது. சரக். இன்று வேகமாக. சரக். சரக். ஒரு மண்வெட்டி இல்லை, பல. காகிதத்தைக் கங்கின்மேல் வைத்தாள். முதலில் ஓரங்கள் சுருண்டன. தட்டச்சு எழுத்துகள் வெள்ளியாக மினுங்கின. பென்சில் வரி கடைசியாகப் போயிற்று.

சத்தம் நின்றது.

வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. கூரைத் தண்ணீர்கூடச் சொட்டவில்லை. அவள் சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம். சூப்பைச் சூடாக்கினாள். கிண்ணம், கரண்டி, துணி. தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு படியேறினாள். பாதி வழியில்தான் குளிர் தெரிந்தது. திறந்த வெளியின் குளிர். வயல் குளிர்.

கதவுக்குப் பின்னால் மூச்சு.

ஒருவருடையது இல்லை.

தோளால் கதவைத் தள்ளினாள்.

அறையில் விளக்கில்லை. ஜன்னலின் சாம்பல் வெளிச்சம் போதுமானதாக இருந்தது. சுவரோரமாக அவர்கள் நின்றார்கள். கிழவர்கள். பெண்கள். ஒரு பெண்ணின் இடுப்பில் குழந்தை. உடம்பில் துணி இல்லை. கழற்றிய துணிகள் காலடியில், ஒழுங்காக, மடித்து. கைகளால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். குளிரில் நடுங்கினார்கள். கோபம் இல்லை எவர் முகத்திலும். அலுவலகக் கதவு திறந்ததும், உள்ளேயிருந்து வருபவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருப்பவர்கள் பார்ப்பார்களே, அப்படித்தான் அவளைப் பார்த்தார்கள்.

அவள் வாயைத் திறந்தாள்.

சொல்ல ஒன்றும் இல்லை.

அவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். ஒவ்வொருவராகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

கட்டிலில் அப்பா. கண் திறந்திருந்தது. தெளிவாக, இளமையாக. போர்வைக்கு வெளியே இடது கை மட்டும் அசைந்தது. இரண்டு விரல். முன்னே வா. முன்னே வா. குழந்தைக்காரி கட்டிலின் விளிம்பை அடைந்தாள். குழந்தையின் தலையைத் தன் கழுத்தில் அழுத்திக்கொண்டாள். அவரைத் தாண்டி, விரிப்புக்குள் காலை வைத்தாள்.

இறங்கினாள்.

இடுப்பு. தோள். தலைமுடி. விரிப்பு மூடிக்கொண்டது. சுருக்கம்கூட இல்லை.

இரண்டு விரல் அசைந்தது. அடுத்த கிழவர்.

அடுத்து.

அவளுக்குப் பின்னால் படிகளில் காலடிகள் ஏறி வந்தன. வெறும் கால்கள். அவளை இடிக்காமல், மரியாதையாக ஒதுங்கி, ஒருவர் கடந்துபோனார். இன்னொருவர். ஜன்னல் வழியே பார்த்தாள். வரிசை முன்வாசலைத் தாண்டி, தோட்டத்தைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரமாக, பிர்ச் மரங்களுக்கிடையே வெள்ளை வெள்ளையாக, கண்ணுக்கெட்டிய தூரம் நின்றது. தட்டின்மேல் சூப் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவளால் அதைக் கீழே வைக்க முடியவில்லை. கட்டில் நிரம்பவில்லை.