மடேம்பாவின் படங்கள்

விடை சரிதான். ஆனால் அதைச் சரி என்று சொல்ல அந்த மனிதருக்கு மறுநாள் மாலைவரை ஆயிற்று.

ஸியோனேவுக்கு முதலில் நெருடியது அதுதான். ‘இது எங்கே?’ என்ற அந்த வாட்ஸ்அப் குழுவில் அப்படியொரு வழக்கமே கிடையாது. எங்காவது போய்வந்தவர்கள் ஊர்ப்பெயர் தெரியாதபடி ஒரு படம் போடுவார்கள். மற்றவர்கள் மண்ணின் நிறம், மலையின் முதுகு, கூரைத் தகரம், சாலையோரத்தில் விற்கும் பண்டம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து இடத்தைச் சொல்வார்கள். படம் போட்டவருக்குத்தான் விடை தெரியுமே. சரியோ தப்போ, உடனே பதில் வந்துவிடும்.

மடேம்பா என்ற அந்தப் புது ஆள், மனைவி போன இடம் என்று சொல்லிப் போட்டது ஒரு சாலையோரப் படம். உருண்டைப் பாறைகள் சாய்ந்து நிற்கும் குன்று, வாளி வாளியாக உருளைக்கிழங்கு, குளிருக்குப் போர்த்திக்கொண்ட பெண்கள். டெட்ஸா, அதுவும் சந்தையைத் தாண்டி மரப்பட்டறைக்கு எதிரே என்று ஸியோனே எழுதினாள். விதைக் கம்பெனி வேலையில் மலாவி முழுக்கச் சுற்றியவள் அவள். குழுவில் அவளை ராணி என்பார்கள். அந்தப் பெயர் அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

அடுத்த படம் ஏரிக்கரை. பாறைமேல் காயும் மரவள்ளி, பரணில் வெள்ளியாக மின்னும் பொடிமீன், தூரத்தில் துருப்பிடித்த படகுத்துறை. ந்காட்டா பே என்று கூசாமல் எழுதினாள், எந்த வளைவு என்பதையும் சேர்த்து. இந்த முறை பதில் வர இன்னும் நாளானது. வந்தபோது அவளுக்கு மட்டும் தனியாக வந்தது.

‘சரியாத்தான் சொன்னீங்க அம்மா. ஆனா கெளம்பிட்டாங்க. கொஞ்சம் லேட்டு.’

யார் கிளம்பினார்கள்? அவள் கேட்கவில்லை. ஏதோ வேறு யாருக்கோ எழுதியது தவறி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது படம் வந்த மதியம், லிம்பேயில் அவள் வீட்டைச் சுற்றி சிபெரோனி பனி இறங்கியிருந்தது. ஜூன் மாதத்தில் தெற்கே மலைகளைக் கடந்து வரும் அந்த ஈரப்பனி, மழையாகவும் பெய்யாது, விலகியும் போகாது. துணியில், சுவரில், எலும்பில் என்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். தங்கை அலினாஃபே அடுப்படியில் ந்ஸிமாக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். மாவு கொதித்து வெடிக்கும் சத்தமும் கரிப்புகை வாசமும் வீடெல்லாம் நிறைந்திருந்தன.

படம் ஓர் அறைக்குள்ளிருந்து எடுத்தது. கம்பி போட்ட ஜன்னல். திண்டின்மேல் காயவைத்த குழந்தைச் செருப்பு ஒன்று. வெளியே தேயிலைச் சரிவு, தைலமர வரிசை, அதற்குப் பின்னால் பனியில் பாதி கரைந்த ஒரு புகைபோக்கி. கீழே மடேம்பா எழுதியிருந்தார்: ‘இது எங்கே? சீக்கிரம் சொன்னா நல்லது.’

“அக்கா, ஒண்ணு கேக்கறேன்,” என்றாள் அலினாஃபே, தோள்வழியே எட்டிப் பார்த்தபடி. “இந்த ஆளு பொண்டாட்டி போன எடத்துப் படம்னுதானே போடறான்? அவகிட்ட கேட்டா சொல்லிட்டுப் போறா. உன்னை எதுக்குக் கேக்கறான்?”

“விளையாட்டுடி. கேக்கறதுதான் விளையாட்டே.”

“விளையாடறவன் சீக்கிரம் சொல்லுன்னு அவசரப்படுவானா?”

ஸியோனேவின் விரல் நின்றது. உள்ளே எங்கோ ஒரு முள் குத்தத்தான் செய்தது. அதே சமயம் குழுவில் உலேமு என்ற வங்கிக்காரப் பையன் எழுதினான்: ‘ராணியம்மா தூங்கிட்டாங்களா? எனக்குப் பாதி தெரிஞ்சுபோச்சு!’ சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

முள் குத்தியது குத்தியபடியே இருக்க, விரல் எழுதி முடித்தது. தியோலோ. பழைய தேயிலை ஆலைக்குக் கிழக்கே, தேவாலயத் தோப்புக்குப் பின்னால் இருக்கும் விருந்தினர் வீடு. பின்பக்க அறை.

கைதட்டும் படங்கள் வந்தன. மடேம்பாவிடமிருந்து மட்டும் பதில் இல்லை.

அலினாஃபே போனை வாங்கிப் படத்தை இரண்டு விரலால் விரித்தாள். ஜன்னல் கண்ணாடியில், தேயிலைச் செடிகளுக்கு மேல், படம் எடுத்தவளின் நிழல் மங்கலாக விழுந்திருந்தது. இடுப்பில் ஒரு குழந்தை. அவளுக்கு ஒரு கண் திறந்திருந்தது. இன்னொரு கண் இருக்கவேண்டிய இடம் வீங்கி, கருத்து, மூடிக் கிடந்தது.

“அக்கா,” என்றாள் அலினாஃபே. போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

ஸியோனே எழுதியதை அழித்தாள். அழித்து என்ன? பார்த்தாகிவிட்டது. அவனை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

“மடேம்பா ஐயா, நான் ஸியோனே. நான் சொன்னது தப்பு. அது தியோலோ இல்ல. முலாஞ்சே பக்கம்.”

அந்தப் பக்கம் கார் கண்ணாடியைத் துடைக்கும் தண்டு கிறீச், கிறீச் என்று போய்வந்துகொண்டிருந்தது.

“நீங்க தப்பா சொன்னதே இல்லையே அம்மா,” என்றான். மிருதுவான குரல். தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகம் எடுத்துத் தருகிறவனின் குரல். “தெற்கதான் வந்திருப்பான்னு எனக்கே தெரியும். ப்வும்ப்வே சந்தை தாண்டிட்டேன். பனி ஜாஸ்தி, மெதுவாத்தான் ஓட்டறேன்.”

“அந்தப் பொண்ணை விட்டுடுங்க.”

“நல்லா இருக்கோம்னு அவ அம்மாவுக்குப் படம் அனுப்புவா. ஊர்ப் பேர மட்டும் போடமாட்டா. கெட்டிக்காரி. மாமியார் போன் இப்ப எங்கிட்டதான் இருக்கு.” தண்டு ஒருமுறை போய்வந்தது. “அவங்களுக்கு இனிமே அது வேண்டாம்.”

தொடர்பு அறுந்தது.

காவல் நிலையத்தில் போன் எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். பெண்ணின் பெயர் என்ன? வண்டி எண் என்ன? அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஜன்னலிலிருந்து என்ன தெரியும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. ஆள் அனுப்புகிறோம், பனியில் நேரமாகும் என்றார். காவல் நிலையத்தை மறுபடி மறுபடி அழைக்கும்படி தங்கையிடம் சொல்லிவிட்டு ஸியோனே காரை எடுத்தாள்.

சாலை இருந்ததாகவே தெரியவில்லை. விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர். அணைத்தால் சாம்பல் சுவர். மழைக்கோட்டுப் போட்ட சைக்கிள்காரர்கள் திடீரென்று முளைத்துத் திடீரென்று கரைந்தார்கள். ப்வும்ப்வே சந்தையின் முட்டைக்கோஸ் நாற்றம் மூடிய கண்ணாடியையும் மீறி உள்ளே வந்து போனது. பிறகு தேயிலை, இருபுறமும் சீராக வெட்டிய பச்சை மேடுகள், பனிக்குள் இறங்கி இறங்கி, முடிவே இல்லாமல். ஆலை. தேவாலயம். தோப்பு. ஒரு திருப்பம்கூட அவள் தவறவில்லை. தவறியிருக்கலாமே என்று பிறகு நினைக்கப்போகிறாள் என்பது அப்போது தெரியாது.

வீட்டின்முன் வண்டி எதுவும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. அவனுக்கு வழி பிடிபடவில்லை போலும்.

கதவு திறந்திருந்தது.

“யாரும்மா உள்ள?” என்றாள். “பயப்படாதீங்க. உதவிக்குத்தான் வந்திருக்கேன்.”

தைலமர இலைகளிலிருந்து தகரக் கூரையில் நீர் சொட்டும் சத்தம். அடுப்பில் கஞ்சிப் பானை. தொட்டுப் பார்த்தாள், சுட்டது. பின்வாசல் படியில் பூப்போட்ட சிதெஞ்சே துணி ஒன்று, இடுப்பிலிருந்து உருவியது போல் நீளமாகக் கிடந்தது. அதன் மறுமுனை தேயிலைச் செடிகளுக்குள் போயிருந்தது. அதைத் தொடர்ந்து போக அவளுக்குத் துணிவில்லை.

பின்பக்க அறை. அதே ஜன்னல். அதே செருப்பு. கட்டில் புரட்டிப் போடப்பட்டிருந்தது. அலமாரிக் கதவுகள் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. மெத்தை கிழிந்து பஞ்சு பறந்தது.

தேடியிருக்கிறான். எதைத் தேடினான்?

நடைக்கு வந்தாள். நின்றாள்.

சிவப்பு மெழுகுத் தரை. சுவரோரம் ஒழுங்காக வைத்த நாற்காலி. வீட்டில் கவிழாமல் நின்ற மரச்சாமான் அது ஒன்றுதான். இருக்கைமேல் காய்ந்தும் காயாத ஒரு வெறும் பாதத்தின் விரல்தடம். அதற்குப் பக்கத்தில் தரையில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஒரு சிட்டிகை சுண்ணாம்புத் தூள். புதிது.

யாரோ நாற்காலிமேல் ஏறியிருக்கிறார்கள். எதையோ தூக்கி வைத்திருக்கிறார்கள். இறங்கி, நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வெளியே ஓடியிருக்கிறார்கள். பார்ப்பவர் கண் தங்கள் பின்னால் வரட்டும் என்று.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

உட்கூரைப் பலகைகளில் ஒன்று, நூலளவு, விலகி இருந்தது. அந்த நூலிருட்டுக்குள் மூச்சு. சின்ன மூச்சு. அடக்கி, அடக்க முடியாமல் தெறிக்கும் மூச்சு.

உயிரோடு இருக்கிறது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “கண்ணு,” என்றாள் மெல்ல. “என் கண்ணு.”

“அவ கடைசி வரைக்கும் சொல்லவே இல்லம்மா,” என்றது அந்த மிருதுவான குரல், பின்னால்.

பின்வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். முழங்கைவரை நனைந்திருந்தான். கைமயிரில் தேயிலைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. நல்ல சட்டை. களைத்த முகம்.

“எவ்வளவோ கேட்டேன். புள்ள எங்கன்னு மட்டும் வாயத் தெறக்கல. நானும் வீடெல்லாம் பொரட்டிட்டேன். சரி, எப்படியும் நீங்க வருவீங்கன்னு வண்டியத் தோப்புக்குள்ள மறைச்சுட்டு இருந்தேன்.”

ஸியோனே சட்டென்று கண்ணைத் தாழ்த்தினாள். தரையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். எங்கெங்கோ பார்த்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் முதலில் பார்த்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாரும் இல்ல,” என்றாள். “இங்க யாருமே இல்ல.”

அவன் நாற்காலியை எடுத்தான். சத்தம் வராமல் தூக்கி, நடையின் நடுவில் வைத்தான். காலணியைக் கழற்றினான்.

மூச்சு நின்றது மேலே.

பலகை இடுக்கில் ஈரம் ஒன்று திரண்டது. நீண்டது. அவன் நிமிர்த்திய நெற்றியில் விழுந்தது. மழை நீர் இல்லை. வெதுவெதுப்பாக, மஞ்சளாக. இன்னொன்று. அவன் துடைக்கவில்லை. அண்ணாந்தபடி, தூங்கும் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும் தகப்பனைப் போலச் சிரித்துக்கொண்டே, நாற்காலிமேல் ஒரு காலை வைத்தான்.