நஞ்சுக்கொடியின் பிடி

செல்வகுமாரியின் வயிற்றை மருந்து தொட்டுத் துடைக்கும்போது, தொப்புளுக்குக் கீழே ஒரு கையகல இடம் மட்டும் சுட்டது. டாக்டர் வைஜெயந்தி விரல் வைத்துப் பார்த்தாள். உள்ளே நாடி துடித்தது. தாயின் நாடி திரையில் நூற்றுப்பத்து ஓடிக்கொண்டிருந்தது. விரலடியில் இருந்ததோ நிதானமாக, எழுபத்திரண்டு. கை கழுவுமுன் வைஜெயந்தி கழற்றி வைத்த கடிகாரம் அவளுடைய நாடி என்று காட்டிய அதே எழுபத்திரண்டு.

விரல் நுனியில் தன் நாடியே தெரிகிறது, அவ்வளவுதான். இதற்கெல்லாம் பயப்பட அவள் என்ன பாகூர்க்காரியா? இருபத்திரண்டு வருடமாக இந்தப் பாகூரில் நர்சிங் ஹோம் நடத்துகிறாள், இந்த ஜனங்களுக்கு மூளை இருப்பதாக ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

செல்வகுமாரியின் புருஷன்காரனையே எடுத்துக்கொள்ளலாம். பெயர் தணிகைவேல், கரும்பு போடுகிறவன். மூன்றாவது சிசேரியனுக்கு வில்லியனூர் ஜோசியரிடம் நேரம் குறித்து வந்திருந்தான், பதினொன்றரைக்குள் குழந்தையை எடுத்துவிட வேண்டுமாம். ஸ்கேன் பார்த்த பையன் இன்னொரு அறிவாளி. நஞ்சுக்கொடி பழைய தையல் தழும்புக்குள் வேர்விட்டு இறங்கியிருக்கிறது, கையால் பிய்க்கக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று அவளுக்கே பாடம் எழுதியிருந்தான். அந்தத் தாளின் மேல்தான் காலையில் டீ தம்ளரை வைத்தாள்.

புதுச்சேரியிலிருந்து நான்கு பை ரத்தம் கொண்டுவரப் போன தணிகைவேல் தவளக்குப்பம் நெரிசலில் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது. நர்ஸ் ஜோஸ்பின் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“ரத்தம் வர்ற வரிக்கும் பொறுக்கலாம் மேடம்.”

“நேரம் தப்பினா அவங்க ஜோசியருக்கு நீ பதில் சொல்றியா?” என்று கேட்டுவிட்டுக் கத்தியை வாங்கினாள்.

முதுகில் போட்ட மரத்துப்போகும் மருந்து மட்டும்தான் என்பதால் செல்வகுமாரி விழித்திருந்தாள். கண்ணை மறைத்துப் பச்சைத் துணி. பதினொன்று இருபத்திரண்டுக்குப் பெண் குழந்தை வந்தது, அழுதது, பக்கத்து அறைக்குப் போனது. தொப்புள்கொடியை வெட்டியாயிற்று. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வைஜெயந்தி கையை உள்ளே விட்டு நஞ்சுக்கொடியைப் பிடித்து இழுத்தாள். பாதி வந்தது. மீதி வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள்.

பம்புசெட் திறந்த மாதிரி ரத்தம் வந்தது. சூடான இரும்பு வாடை மூக்கை அடைத்தது, உறிஞ்சும் குழாய் கொரகொரவென்று திணறியது, நனைந்த துணிகள் ஒவ்வொன்றாகத் தட்டில் சொத்து சொத்தென்று விழுந்தன, ரத்தம் மேசை விளிம்பில் வழிந்து அவள் செருப்புக்குள் இறங்கியது. செல்வகுமாரியின் தொப்புளுக்கு மேல் ஜோஸ்பினை முஷ்டியால் பெரிய ரத்தக் குழாயை முதுகெலும்போடு சேர்த்து அமுக்கச் சொன்னாள். தன் வலது முஷ்டியைக் கருப்பைக்குள் கிழிந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். இடது கையால் வெளியிலிருந்து நெருக்கினாள். செல்வகுமாரியின் நாடி நூற்று நாற்பது. செத்துவிடுவாள்.

பிறகு ரத்தம் நின்றது. வடியவில்லை, குறையவில்லை. சட்டென்று நின்றது.

விரல் நுனிகளில் சுருக்கென்றது. கையுறை எங்கோ கிழிந்திருந்தது. மெல்லியதாக, ஈரமாக ஏதோ விரலிடுக்கில் நுழைந்து மணிக்கட்டைச் சுற்றியது. கையை இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள்.

“நாடி நல்லா எறங்குது,” என்றார் மயக்க மருந்து டாக்டர் ராஜ்மோகன். “எழுபத்திரண்டு.”

அது யாருடைய நாடி என்று அவளுக்குத் தெரியும். சொல்லவேண்டும். யாரிடம்? இந்த ஜோஸ்பினிடமா, கை மாட்டிக்கொண்டது என்று? நாளைக்குப் பாகூரே சிரிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். காது அடைத்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது நாக்கு எழவில்லை.

கதவுக்கு வெளியே தணிகைவேலின் குரல் மூச்சிரைக்கக் கேட்டது. ரத்தம் வந்துவிட்டதாக ஜோஸ்பின் சொன்னாள். ராஜ்மோகன் திரையைப் பார்த்தார்.

“இனிமே எதுக்கு? பேஷண்ட் சூப்பரா இருக்காங்க.”

வைஜெயந்தியின் கை முழங்கைவரை வெளுத்திருந்தது. நரம்பெல்லாம் காய்ந்த வாய்க்காலாகப் பள்ளம் விழுந்திருந்தன. மணிக்கட்டில் இழுப்பு. விடும். இழுக்கும். பால் குடிக்கிற பிள்ளை மாதிரி.

பச்சைத் துணி விலகியது. செல்வகுமாரியின் உதடுகள் வெற்றிலை போட்டதுபோல் சிவந்திருந்தன.

“இன்னும் கொஞ்ச நேரம் மேடம்,” என்றாள். “அப்டியே நில்லுங்க.”

முழங்கைக்கு மேலும் வெளுப்பு ஏறியது.