பழைய கேர்னல்

மூன்றாம் தடவையும் திரையில் அதே வரிதான்: இடம் போதாது. காலையில்தான் நிலாந்தி வேண்டாத கோப்புகளையெல்லாம் அழித்திருந்தாள். பின்னேரத்துக்குள் கணினியை ஓட்டும் லினக்ஸைப் புதுப்பிக்காவிட்டால் கம்பனியின் செயலி திறக்காது. இனியும் சாட்டுச் சொன்னால் வேலை போய்விடும்.

“உந்தப் பெட்டியையே கட்டிக்கொண்டு அழு,” என்றாள் அம்மா குசினி அடுப்படியிலிருந்து. “நான் கூப்பிட்டா ஏனெண்டும் கேக்காதை.”

லினக்ஸைப் போட்டுத் தந்த சித்தி மகன் வசீகரன் வேலணையிலிருந்து ஃபோனில் ஆசையாக விளக்கினான்.

“கேர்னல்தான் அக்கா அதின்ரை இதயம். அப்டேட் பண்ணப் பண்ணப் புதுசு வரும், பழசையும் பக்கத்திலை வைச்சிருக்கும். புதுசு பிழைச்சா திரும்பிப் போகவேணுமெல்லோ? அதுகளை வைக்கிற மூலை சின்னது. நிரம்பிப்போச்சு.”

“அப்ப பழசை அழிக்கட்டே?”

“ஏலாது. புதுசு ஒண்டு ஏற்கெனவே உள்ளை வந்திட்டுது. ஆனா இப்ப ஓடுறது பழசுதான். ஓடுறதை அழிக்க விடாது. பொறுங்கோ, பாத்திட்டு எடுக்கிறன்.”

சிக்னலுக்காக ஃபோனை யன்னலில் வைத்தாள். நெடுந்தீவின் மத்தியானக் காற்று முருகைக்கல் மதிலின் ஓட்டைகளுக்குள்ளால் விசிலடித்து, கரையொதுங்கிய கடற்பாசியின் அழுகல் மணத்தை அறைக்குள் கொண்டுவந்து கொட்ட, அதற்கும் அடியில், குசினிப் பக்கம், சீப்பு தலைமயிரை வாரும் மெல்லிய சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

“அம்மா, தேத்தண்ணி.”

“இப்பத்தானே பிள்ளை வாங்கிக் குடிச்சனீ?”

நிலாந்தி காலையிலிருந்து குசினிப் பக்கம் போகவேயில்லை. அம்மாவின் குரல் கனிந்திருந்தது. அதுதான் அவளை முதலில் பயப்படுத்தியது.

யன்னலைப் பார்த்தாள். ஃபோன் இல்லை.

சீமெந்துத் தரையில் ஈரக் காலடிகள். யன்னலிலிருந்து குசினிக்கு. இடது சின்னிவிரல் மடங்கிய தடம். அவளுடைய கால்.

குசினி வாசலில் நின்றாள். அம்மா பலகையில் இருந்தாள். முன்னால், நிலத்தில், ஒருத்தி. நிலாந்தியின் சட்டை. நிலாந்தியின் கழுத்து மச்சம்.

“இண்டைக்கெண்டாலும் சொல்வழி கேக்கிறாய்,” என்றபடி அம்மா அந்தத் தலையை வாரினாள்.

“அம்மா!”

அம்மா நிமிரவில்லை.

ஃபோன் அடித்தது. நிலத்தில் இருந்தவளின் கை எடுத்தது. ஸ்பீக்கரில் போட்டது. அந்த உருவம் மெல்லத் திரும்பி, நிலாந்தியின் முகத்தால் நிலாந்தியைப் பார்த்தது.

“வழி கிடைச்சிட்டுது அக்கா,” வசீகரனின் குரல். “முதல் புதுசை ஓடவிட்டுப் பாருங்கோ. எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதெண்டா, பழசை அழியுங்கோ. இனி அழிக்க விடும்.”