முகத்துவாரம் கிடந்த இடம்

டொக்.

சத்தம் குசினித் தரைக்கு அடியிலிருந்து வந்தது. ஷஸ்னா லெப்டொப்பிலிருந்து கையை எடுக்காமல் காதை மட்டும் அந்தப் பக்கம் கொடுத்தாள். தேங்காய் விழுந்த சத்தமல்ல. முற்றத்து மணலில் விழும் தேங்காய் மொத்தென்று ஒரே அடியில் அடங்கிவிடும். இது மெதுவாக வந்து தொட்டு, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி தொட்டது. மீன்பிடிக்காரனைக் கட்டி இந்தக் கரைக்கு வாழ வந்தவளுக்கு அந்த ஓசை பழக்கமானதுதான். துறையில் கட்டிக் கிடக்கும் படகை அலை தூக்கும்போது அது பக்கத்துப் படகில் போய் முட்டும் ஓசை. ஆனால் இப்போதைய பைபர் போட்டுகள் முட்டினால் வெறும் பீப்பாய் மாதிரி ஒலிக்கும். இது கனத்த பலகை. தண்ணீரில் ஊறிய பலகை.

கண்டக்குழிக்குத் தெற்கே, கடலுக்கும் களப்புக்கும் நடுவில் நிலம் ஒடுங்கிப்போகிற இடத்தில்தான் அவர்களுடைய புது வீடு இருந்தது. மேற்கே தென்னந்தோட்டத்தைத் தாண்டினால் கடல், கிழக்கே தார் ரோட்டைத் தாண்டினால் களப்பின் ஆழமில்லாத உப்புத்தண்ணீர், நடுவில் வெயிலுக்கு வெந்துபோன மணல். அத்திவாரம் வெட்டியபோது அவள் பக்கத்தில் நின்று பார்த்தவள். கீழேயும் மணல்தான்.

எழுந்து போய் குசினியின் நடுவில் நின்றாள். வெள்ளை டைல் காய்ந்து கிடந்தது. ஜன்னலில் சாயங்கால வெயில். அஸர் தொழுதுவிட்டு ஊற்றிய தேத்தண்ணியை இன்னும் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு மிடறு வாயில் விட்டவள் அப்படியே பேசினில் துப்பினாள்.

உப்பு.

சீனியென்று நினைத்து உப்பைப் போட்டிருக்கிறேன் என்று தன்னையே கடிந்துகொண்டாள். குழாயைத் திறந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். குழாய்த் தண்ணீரும் உப்பு. நேற்றுவரை பாலாவியிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் போத்தலில் பிடித்துக்கொண்டு போன நல்ல தண்ணீர்.

கடலுக்குப் போன புருஷன் அஸ்ஹான் வரட்டும், சொல்ல வேண்டும். பகல் சோற்றுக்கே வந்திருக்க வேண்டியவன். சோறு மூடியபடி இருந்தது.

அவள் மறுபடி மேசைக்குப் போனாள். திரையில் பழைய வரைபடம் விரிந்திருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் யாரோ கையால் கீறியது. கரையோர அலுவலகம் ஒன்றுக்காகப் பழைய படங்களை இன்றைய செய்மதிப் படத்தின் மேல் பொருத்துவதுதான் ஷஸ்னாவின் வேலை. அந்தக் காலத்தில் இந்த மணல்திட்டு ஓரிடத்தில் அறுந்திருந்தது. அந்த முகத்துவாரத்தால் கடல் களப்புக்குள் போய் வந்தது. பிறகு மணல் சேர்ந்து தூர்ந்து, தென்னை வைத்து, ரோட்டும் போட்டு, எல்லாரும் மறந்துபோனார்கள். ஒருமுறை அறுத்த இடத்தைக் கடல் மறுபடியும் அறுக்கும் என்பது அலுவலகத்தின் பயம். அது எந்த இடம் என்பதை ஷஸ்னா சொல்ல வேண்டும்.

பழைய படத்தைப் பொருத்துவதற்கு அசையாத புள்ளிகள் வேண்டும். அன்றும் இன்றும் ஒரே இடத்தில் நிற்கிற ஏதாவது. இந்தக் கரையில் மணல் நகரும், மரம் விழும், குடிசை இடம் மாறும். படத்தில் கரையோரம் சின்னதாக ஒரு கொடி கீறியிருந்ததைக் கண்டபோது அவளுக்கு ஒரே சந்தோஷம். அவ்லியாவின் ஸியாரம், அந்த இறைநேசர் அடங்கிய இடம். இன்றும் அங்கே பச்சைக் கொடி பறக்கிறது; மீன்பிடிக்காரர்கள் அதைக் குறி வைத்துத்தான் கரை சேருகிறார்கள். ஊரில் கேட்ட எல்லாரும், ஆதியிலிருந்தே அங்கேதான் என்றார்கள். அதில்தான் படத்தைக் குத்தி நிறுத்தினாள். முகத்துவாரம் வடக்கே, யாரும் குடியில்லாத மணற்காட்டில் போய் விழுந்தது.

நேற்று இரவு சாப்பாட்டில்தான் அது உடைந்தது.

"ஸியாரமா?" அஸ்ஹான் பாணைக் கறியில் தோய்த்தபடி சிரித்தான். "அவர் தள்ளிக் குந்தினவரெல்லோ!"

"அப்பிடியெண்டா?"

"கடல் வந்து கொடிமரத்துல முட்டினா ஊர் ஆம்புளையள் எல்லாம் சேந்து கல்லத் தூக்கி வடக்கால உள்ளுக்கு வெப்பம். சலவாத்துச் சொல்லிக்கொண்டு. சின்னதுல நானும் ஒருக்காத் தூக்கினன். வாப்பாட காலத்துலயும் நடந்த. அதுக்கு முதல் எத்தினையோ."

"அல்லாவே! ஊர் முழுக்கக் கேட்டனே! ஒராள் சொல்லல்லயே!"

"அவ்லியாவத் தூக்கினம் எண்டு ஆர் புள்ள சொல்லுவா? மரியாதையில்ல. அவர்தான் தள்ளிக் குந்தினார். குந்தின எடம்தான் ஆதி." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் சிரித்தான். "என்ன, ஒங்கட மெப்புக்கு எங்கட அவ்லியாவா குண்டூசி?"

"சிரிக்காதீங்க. முழுப் படமும் பிழை."

"அப்ப படமும் தள்ளிக் குந்தட்டும்!"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கேட்டாள்: "கல்லத்தான தூக்கின நீங்க. அவர்?"

அஸ்ஹான் பாணைக் கீழே வைத்தான்.

"அவர் கடல்லதான்," என்றான். உடனே பேச்சை மாற்றுகிறவன்போல, "சரியான எடத்தக் கண்டா எனக்கும் அனுப்பு. சோளகக் காத்து விழுந்தா போட்டக் கரையில ஏத்த ஏலாது. முனையச் சுத்தி களப்புக்குள்ள வாறதுக்குள்ள உசிர் போகுது. அந்த வாய் தொறந்து கெடந்தா நேர வீட்டுக்கே வந்திருவன்."

இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு ஸியாரத்தை விட்டுவிட்டு, கற்பிட்டிக் கோட்டையின் மூலையிலும் பழைய கல்தேவாலயத்திலும் படத்தைக் குத்தினாள். கோட்டையை யாரும் தூக்கித் தள்ளி வைக்க மாட்டார்கள். படம் திரையில் வழுக்கித் தெற்கே வந்தது. முகத்துவாரத்தின் நீலப் பட்டை மணற்காட்டை விட்டு, தென்னந்தோட்டங்களைக் கடந்து, ஒரு மதிலைக் கடந்து, ஒரு சிவப்பு ஓட்டுக் கூரையின் மேல் வந்து நின்றது. அவளுடைய கூரை.

படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தாள். பின்னர் அதையும் நேற்றைய சிரிப்பைப்போல் பகிடியாக எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். நீலப் பட்டையை அஸ்ஹானின் வட்ஸ்அப்புக்கு அனுப்பி, 'வழி தொறந்திரிக்கி, நேர வாங்க' என்று எழுதினாள். அஸ்ஹான் கடலில் இருந்தபடியே அதைப் பார்த்துவிட்டான். நீலச் சரி அடையாளங்கள் விழுந்தன. அதற்குப் பிறகுதான் அந்த முதல் சத்தம்.

இல்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு வைக்கக் கூடாது. படித்தவள் அவள்.

ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. தென்னந்தோட்டம் முழுக்க ஒரே திசையில் சாய்ந்து இரைந்தது. சோளகம். இந்த நேரத்தில் வர வேண்டிய காற்றல்ல. இன்னும் நாள் இருந்தது. மின்விசிறி மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது. கரண்ட் போய்விட்டது. வீடு இருண்டதும் மணமும் வந்தது. கண்டல் காட்டுச் சேற்றின் மணம், அழுகிய இலையும் நண்டுவளையும் கலந்த கறுப்பு மணம், களப்போரத்தில் காலை வைத்தால் கிளம்புகிற அதே மணம், அவளுடைய புது வீட்டுக் கூடத்தின் நடுவிலிருந்து கிளம்பியது.

அவள் அஸ்ஹானுக்கு எடுத்தாள். தொடர்பு இல்லை. மறுபடியும் எடுத்தாள். இல்லை. அஸ்ஹானின் மச்சான் லாபிர் பக்கத்துப் போட்டில் போனவன். அவனுக்கு எடுத்தாள்.

"லாபிர் நானா, இவர் கரைக்கு வந்திட்டாரா?"

காற்றுதான் முதலில் கேட்டது. "இன்னும் இல்ல தங்கச்சி. கடல்ல காத்து முந்தியே திடீரெண்டு விழுந்திட்டு. நாங்க எல்லாம் எப்பிடியோ கரையில ஏத்திட்டம். அவன் எனக்குப் பின்னுக்குத்தான் வந்தான். பிறகு தெக்கால திரும்பினான்."

"தெக்காலயா? முனை வடக்கயெல்லோ?"

"அதான் எனக்கும் வெளங்கல்ல. கத்திக் கூப்பிட்டன். கையில இருந்த போன உசத்திக் காட்டினான். வழி இரிக்கி எண்ட மாதிரி கையக் காட்டினான். அந்தப் பக்கம் என்ன வழி? வெறும் மணலும் அலையும்." லாபிர் மூச்சு வாங்கினான். "நேவிக்குச் சொல்லியிரிக்கம். நீங்க வீட்டுலயே இருங்க. நான் வாறன்."

அவள் வட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தாள். அவள் அனுப்பிய வழி. பகிடிக்கு அனுப்பிய வழி. சோளகம் முதுகில் அடிக்கும்போது, கரையில் அலை வெள்ளையாய் உடையும்போது, அஸ்ஹான் அதை நம்பித் திரும்பியிருக்கிறான்.

டொக்.

இம்முறை கூடத்துக்கு அடியில்.

அதோடு இன்னொன்றும் கேட்டது. துடுப்பு தண்ணீரை வெட்டி, தூக்கி, சொட்டுவிட்டு, மறுபடி வெட்டும் ஓசை. ஒரு துடுப்பல்ல. காற்று வெளியே தென்னைகளை முறித்துக்கொண்டிருக்க, தரைக்கு அடியில் காற்றே இல்லாத ஓர் அமைதியான தண்ணீரில், அவசரமில்லாமல், பழகிய கைகள் வலித்துக்கொண்டு மேற்கேயிருந்து வந்தன.

பிறகு ஒரு குரல்.

"மூணு பாகம்."

கயிற்றில் ஈயம் கட்டிக் கடலுக்குள் விட்டு ஆழத்தைப் பாகக் கணக்கில் பார்த்துச் சொல்கிறவனின் குரல். உணர்ச்சியில்லாத குரல்.

ஷஸ்னா திரையைப் பார்த்தாள். லெப்டொப்பில் மட்டும் இன்னும் வெளிச்சம் இருந்தது. நீலப் பட்டைக்குள் அந்தப் பழைய கை ஆழங்களைச் சின்னச் சின்ன எண்களாக எழுதியிருந்தது. கூடத்தின் மேல் எழுதியிருந்த எண் மூன்று.

துடுப்புகள் குசினிப் பக்கம் நகர்ந்தன.

"ரெண்டு பாகம்."

குசினியின் மேல் இரண்டு.

குரல் பின்மதிலைத் தாண்டி, ரோட்டுப் பக்கமாய்ப் போய்த் தேய்ந்தது. களப்புக்குள் போய்விட்டது. அவள் மூச்சை விட்டாள்.

மேற்கே இன்னொரு துடுப்பு.

அதன் பின்னால் இன்னொன்று.

"மூணு பாகம்." வேறு குரல். கிழக்குரல். "மூணு பாகம்." இன்னொருத்தன். நெருங்கி நெருங்கி. முட்டி முட்டி. டொக். டொக். ஒரு துறையில் இடமில்லாமல் நெரிகிற படகுகள்.

கதவு. வெளியே போக வேண்டும். லாபிர் வருவான். ரோட்டில் நின்றால் போதும்.

செருப்பைத் தேடினாள். கிடைக்கவில்லை. வெறுங்காலோடு கூடத்தில் இறங்கினாள். டைல் குளிர்ந்திருந்தது. பகல் முழுக்க வெயில் காய்ந்த வீடு. ஈரமில்லை. ஆனால் குளிர், களப்பில் முழங்கால்வரை இறங்கினால் ஏறுமே, அந்தக் குளிர்.

எங்கோ மஃரிப் பாங்கு ஆரம்பித்தது. காற்று அதைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு போனது.

கூடத்தின் நடுவில் அவள் நின்றாள். தானாக நிற்கவில்லை. தரையில் வெளிச்சம் கண்டுதான் நின்றாள். டைலுக்கும் டைலுக்கும் நடுவிலிருந்த சீமெந்துக் கோடுகள் மஞ்சளாய் எரிந்தன. கீழேயிருந்து. லாம்பு வெளிச்சம். அது ஆடியது. கோடு கோடாய் அவள் காலடியில் வந்து, கடந்து, அடுத்த லாம்பு வந்தது.

வெள்ளை டைல் இப்போது வெள்ளையில்லை. கலங்கிய தண்ணீர் மாதிரி. அடியில் நீளமான ஒரு கறுப்பு. படகின் நிழல். பக்கத்தில் இன்னொன்று. கூடம் முழுக்க. அறைக்குள்ளும்.

போன் அதிர்ந்தது.

அஸ்ஹான்.

"எங்க நிக்கிறீங்க?" அவள் கத்தினாள். "எங்க? லாபிர் நானா தேடுறாங்க. சொல்லுங்க, எங்க நிக்கிறீங்க?"

"கத்தாத புள்ள." குரலில் களைப்பு. ஆனால் அவனேதான். அவன் பேசும்போது பின்னால் காற்று இல்லை, இஞ்சின் இல்லை. தண்ணீர் மட்டும் சொட்டியது. "நீ அனுப்பின வழியாலதான் வந்தன். சரியான வழி. வாய் தொறந்துதான் கெடக்கு."

காதில் கேட்ட அதே சொல் காலடியிலும் கேட்டது. ஒரே நேரத்தில். ஒரே குரலில்.

"வீட்டுக்கு வாங்க," என்றாள். "வீட்டுக்கு வாங்க, போதும்."

"வந்திட்டன்."

அவள் குனிந்து பார்த்தாள். லாம்புகள் எல்லாம் அவளைச் சுற்றி வந்து நின்றுவிட்டன. அவளுடைய வலது பாதத்துக்கு நேர் கீழே, டைலின் மறுபக்கத்தில், ஓர் உள்ளங்கை விரிந்து ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் அப்பால், சுவரிலிருந்து சுவர்வரை, சிறியதும் பெரியதுமாய், தரை கொள்ளாமல்.

ஓட வேண்டும். காலைத் தூக்கினாள்.

அத்தனை துடுப்புகளும் ஒரே நேரத்தில் நின்றன. காற்றும் நின்றது. அந்த அமைதியில் அஸ்ஹான், அவளோடு எப்போதும் பேசுகிற அதே அன்பான குரலில், மெதுவாகச் சொன்னான்:

"அசையாத, ஷஸ்னா, அதுலயே நில்லு. கடல்ல கெடந்த எல்லாரும் உன்னக் குறி வெச்சுத்தான் கரைக்கு வாறாங்க."