கௌரியம்மாள் அறையின் காற்றுக் குழாய்

மனைவி கௌரியம்மாளின் காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்களும் ஊருக்குப் போன பிறகு, ஒரு மத்தியானம், அவள் படுத்திருந்த அறைச் சுவரில் தகரக் குழாயின் வாய்க்குக் கட்டியிருந்த மெல்லிய துணி அசைவதைக் கோதண்டபாணி பார்த்தார். அந்தக் குழாய்க்குக் காற்று ஊதும் சக்கரத்தைக் கிணற்றடியில் சுற்ற ஆளில்லை. சுற்றுகிறவர் அவர் ஒருவர்தான். அவர் இங்கே நின்றிருந்தார்.

கோலார் தங்கச் சுரங்கத்தில் பள்ளத்துக்குள் காற்று அனுப்பும் பிரிவில் மேஸ்திரியாக இருந்தவர். யுத்தம் முடிந்த வருஷம் திருத்தணிக்குத் திரும்பினார். மனைவிக்கு மூச்சு நோய். அறைக்கோ ஜன்னல் கிடையாது. கொல்லன் பட்டறையில் நெருப்பு ஊதும் கைச்சக்கரம் ஒன்றை வாங்கிக் கிணற்றடியில் நிறுத்தி, நனைத்த வெட்டிவேர் வழியாகக் காற்றை இழுத்து, தகரக்கடை காதர் பாய் செய்து கொடுத்த குழாயில் அவள் கட்டில் வரைக்கும் கொண்டு வந்தார். ஆனால் காற்று தகரத்தில் உரசி உரசி வழியிலேயே இளைத்தது. திருப்பத்துக்குத் திருப்பம் பலம் இழந்தது. கணக்குப் போட்டு ஒரு திருப்பத்தை எடுத்தார், குழாயை அகலப்படுத்தினார். அப்படியும் அவள் முகத்துக்கு வந்தது விளக்குச் சுடரைக்கூட அசைக்காத காற்று. அவளுடைய இருமல் மட்டும் குழாய் வழியே கிணற்றடிக்குத் தெளிவாகக் கேட்டது. அது நின்ற பிறகும் அவர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தார்.

அன்றிலிருந்து அவருக்கு அழுகை வரவில்லை. பசிக்கவில்லை. மலைமேல் மணி அடித்தால் காதில் விழும்; அவ்வளவுதான்.

துணிக்கு முன்னால் கையை வைத்தார். வெதுவெதுப்பான காற்று. இத்தனை நீளம் உரசிக்கொண்டு வந்தும் இவ்வளவு வேகம் மிஞ்சுகிறதென்றால், அந்தப் பக்கம் எவ்வளவு பலமாகத் தள்ள வேண்டும்? சுரங்கத்துப் பெரிய விசிறிக்குத்தான் அந்தப் பலம் உண்டு. பயமாக இல்லை. கணக்கு உதைத்தது.

காதர் பாயைக் கூப்பிட்டு வந்து குழாயைக் கழற்றச் சொன்னார்.

பாய் முதலில் சக்கரத்தை எடுத்தார். அப்புறம் கிணற்றடித் துண்டு, சமையலறைத் திருப்பம், கூடத்துத் துண்டு. ஒவ்வொன்றும் கழலக் கழல, உரசல் குறையக் குறைய, அறையில் காற்று பலத்தது. எவ்வளவு பலக்க வேண்டுமோ அவ்வளவு. கணக்கு இப்போது சரியாக வந்தது.

கடைசியில் சுவரைத் துளைத்து நின்ற ஒரே துண்டு மிச்சம். ஒரு வாய் கூடத்தில், இன்னொன்று அறையில். கூடத்து வாயில் பாய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"மேஸ்திரி, இங்க காத்து உள்ள போவலீங்க. அங்க மட்டும் வந்துகினு கீது. எங்கேர்ந்துங்க?"

கோதண்டபாணி அறைக்குள் போய்ப் பார்த்தார். அறையில் துணி குழாய்க்குள் இழுபட்டு ஒட்டியது. உப்பியது. மறுபடி ஒட்டியது. அவள் நெஞ்சில் தேய்த்துக்கொண்ட நீலகிரித் தைலமும் நாள்பட்ட வாய்நாற்றமும் கலந்த வாசனை.

பாயின் உதடுகள் எதையோ ஓதின. "மூடிடலாங்களா?"

"ஆங்."

துணியை அவிழ்த்துவிட்டு, இரண்டு பக்கமும் வட்டத் தகரம் வைத்து, ஈயத்தை உருக்கிச் சுற்றிலும் இடைவெளியில்லாமல் அடைத்தார் பாய். சுத்தியலையும் உளியையும் கட்டில்மேலேயே விட்டுவிட்டு, செருப்பை மாட்டாமல் போனார்.

கோதண்டபாணி கட்டிலில் உட்கார்ந்தார்.

டக். மூடித் தகரம் உள்ளே குழிந்தது.

டக். வெளியே உப்பியது.

டக். டக். வேகமாக.

பழக்கம் விடவில்லை. குழாயின் நீளம், அகலம், அடைபட்ட காற்று, அதில் ஓர் ஆள் எவ்வளவு நேரம் மூச்சு விடலாம்... மனம் தானாகவே போட்டது. விடை வந்தது. ரொம்பக் கொஞ்சம்.

மூடி ஆழமாகக் குழிந்தது. திரும்பவில்லை.

உள்ளே, தகரத்தில், நகம் பிறாண்டும் சத்தம்.

சுத்தியல் பக்கத்திலேயே இருந்தது. பார்த்தார். கை எழவில்லை.

பிறாண்டல் நின்றது.

குழிந்த தகரத்தின் நடுவில், உள்ளேயிருந்து, விரல் நுனி பருமனில் ஐந்து புடைப்புகள் ஒவ்வொன்றாக எழும்பி, அப்படியே நின்றன.