எதுவும் ஒட்டாத வெள்ளை

வால்டர் நட்டுவைத்த மெழுகுவத்தி மூன்றாவது முறையாக விழுந்தது. காற்று இல்லை. கல்லறைத் திருநாளின் சாயங்காலம். ராயபுரத்துக் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சனம். சாமந்தியும் சாம்பிராணியும் புதுச் சுண்ணாம்பும், மதிலுக்கு அப்பாலிருந்து வந்த கருவாட்டு வாடையும் கலந்து மூக்கில் ஏறிக்கொண்டிருந்தன. உருகிய மெழுகை நாலு சொட்டு விட்டு அதன்மேல் அழுத்தினால் மெழுகுவத்தி எந்தக் கல்லிலும் நிற்கும். இந்தக் கல்லில் சொட்டிய மெழுகோ முத்து முத்தாக உருண்டு மணலில் விழுந்தது. கல்லில் ஒரு தடம்கூட இல்லை.

தடம் படக்கூடாது என்றுதான் அவர் கல்லில் அந்தப் புதுப் பூச்சைப் பூசியிருந்தார். துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவருக்கு நிலக்கரித் தூசியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று வெள்ளையடித்த கல்லறை கிறிஸ்துமஸுக்குள் அடுப்பில் ஏறிய சட்டியாகிவிடும். சுற்றியிருந்த கல்லறைகளை அவர் எப்போதுமே முகம் சுளித்துத்தான் பார்ப்பார். பெற்றவர்களை வருடத்துக்கு ஒருநாள் கழுவிவிட்டுப் போகிற கூட்டம். தன் குடும்பப் பெயர் அப்படிக் கரி பிடித்துக் கிடக்க அவர் விடமாட்டார்.

மணலியில் ஒரு பெயிண்டு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த தங்கை மகன் ஃப்ரெடிதான், கடைக்கு இன்னும் வராத அந்த டப்பாவைக் கொண்டுவந்தான். நானோ பூச்சு. தலைமுடியைப் பல்லாயிரமாகக் கிழித்தால் வருகிற பருமனில் துகள்கள். தாமரை இலையைப் பார்த்துச் செய்தது, தண்ணீரும் தூசியும் ஒட்டாது என்றான். "ஆனா கல்லுக்குள்ள எவ்ளோ ஆழம் எறங்கும்னு இன்னும் தெரியல மாமா" என்றும் சொன்னான். சின்னப் பயல்களின் பயத்தை வால்டர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கல்லறைக்குள் இருப்பது அவர் மனைவி ஜூடி. அவள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயோடு ஃபாதர் வந்து சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. இன்றைக்குத் தெளிக்கப்போகும் தீர்த்தமாவது அவள்மேல் விழவேண்டும்.

அவள் தம்பி இக்னேஷியஸ் வந்து நின்றான். அக்கா கல்லறைக்குத் தம்பி கையால் சுண்ணாம்பு பூசுவது எங்கள் வழக்கம் என்று போன வாரம் வாளியோடு வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தார் வால்டர். மீன் செதில் ஒட்டிய கை அது.

"மெழுவத்திய தரையில வெச்சா போதும்" என்றார் வால்டர், அவனைப் பார்க்காமல்.

"தரையில நாய்க்குத்தான் வெப்பாங்க மாமா. இன்னாத்த பூசிக்கீற?"

"சொன்னா உனக்குப் புரியாது."

"புரியாட்டி போவுது. ஃபாதர் தெளிக்கிற தண்ணியாச்சும் நிக்குமா?"

நிற்கவில்லை. ஃபாதர் செபம் சொல்லித் தெளித்த துளிகள் கல்லின்மேல் பாதரசம்போல் குதித்து, நாலு பக்கமும் ஓடி இறங்கின. அவர் மறுபடி தெளித்தார். மறுபடி ஓடின. கல் காய்ந்தே இருந்தது. ஃபாதர் ஒரு கணம் அதையே பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார்.

"அன்னிக்கு எண்ணெயும் கெடைக்கல. இன்னிக்குத் தண்ணியும் கெடைக்கல" என்றான் இக்னேஷியஸ். "உன் கவுரவம் மட்டும் நல்லா பளபளன்னு கீது மாமா."

அவன் போய்விட்டான்.

குழிவெட்டுபவரின் கொட்டகையிலிருந்து வால்டர் ஒரு கொத்துக்கரண்டியை எடுத்துவந்து சுரண்டினார். இரும்பு கல்லில் உரசினால் கிறீச்சிட வேண்டும். சத்தமே வரவில்லை. கரண்டி வழுக்கிக்கொண்டு போனது. கீறல் இல்லை. இருட்டத் தொடங்கியிருந்தது, ஆட்கள் குறைந்திருந்தார்கள். அழுத்திச் சுரண்ட முழங்கால் போட்டபோதுதான் மணலைக் கவனித்தார்.

மணல் கல்லைத் தொடவில்லை.

கல்லறையைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணல் துகள்கள் ஒவ்வொன்றாக, யாரும் தள்ளாமல், விலகி உருண்டன. இப்போது நாலு விரல். உள்ளே இருட்டு. அதிலிருந்து மண் வாசனை வரவில்லை. எந்த வாசனையும் வரவில்லை.

பையில் ஒரு பாட்டில் தீர்த்தம் இருந்தது. அதை அந்த இடைவெளியில் கவிழ்த்தார். அவளுக்குப் போய்ச் சேரட்டும். காதை வைத்துக் கேட்டார். தண்ணீர் எங்கோ விழ வேண்டும்.

விழவில்லை.

கையை விட்டுத் துழாவினார். மண் இல்லை. முழங்கைவரை விட்டார். செங்கல் இல்லை. தோள்வரை. பெட்டியின் பலகை இல்லை. கன்னம் கல்லில் பட்டது. சில்லிட்டது.

விரல்களில் விரல்கள் பட்டன.

காய்ந்த விரல்கள். வழவழப்பானவை. அவர் விரல்களைப் பற்றின. வழுக்கின. மறுபடி பற்றின. வழுக்கின.

"ஜூடி" என்றார். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை.

சுற்றிலும் கரி படிந்த கல்லறைகளில் எல்லாம் மெழுகுவத்திகள் நிமிர்ந்து நின்று எரிந்துகொண்டிருந்தன. கீழே, இன்னொரு கையும் வந்து சேர்ந்தது. இரண்டு கைகளும் அவர் கையைப் பிடித்தன. வழுக்கின. பிடித்தன.