வெள்ளைத் திரையில் ஓர் எழுத்து

"அந்த ஃபோனை உள்ள வைடி! கொலைக் கேஸ்ல விளையாட்டுக் காட்டாத!"

"வைக்க மாட்டேன்! லாக்கப்புல இருக்கிறது என் தம்பி!"

சாத்திய கதவைத் தாண்டி வராந்தா வரை கேட்டது சண்டை.

கணவன், மனைவி. இருவருமே கண் டாக்டர்கள். ஒரே கிளினிக்.

கதவைத் தள்ளினார் இன்ஸ்பெக்டர். பின்னால் கிளினிக் வாட்ச்மேன்.

முந்தாநாள், இருட்டுகிற நேரம். கிளினிக்கின் பின்பக்கப் படியிலிருந்து யாரோ தள்ளி, கிளினிக்கின் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் செத்துக் கிடந்தார்.

"சாம்பல் சட்டை சார். டாக்டரம்மா தம்பிதான். கேட்ல இருந்து பார்த்தேன்!" என்றார் வாட்ச்மேன்.

படியோரம் சாம்பல் சுவர்... அதில் சாம்பல் சட்டை... மங்கிய வெளிச்சம்!

"அந்த மங்கல்ல வாட்ச்மேனுக்கு ஆள் தெரிஞ்சிருக்குமான்னு டெஸ்ட் பண்ணுங்க" என்று விடாப்பிடியாக நின்றவள் மனைவிதான்.

கணவர் சுவரில் சார்ட்டை மாட்டினார். எல்லாம் ஒரே அளவு ஆங்கில எழுத்து. போகப்போக மங்கி, கடைசி வரி வெள்ளையில் கரைந்தே போயிருக்கும்.

வாட்ச்மேன் கடகடவென்று படித்தார். ஒரு தப்பு இல்லை!

"போதுமா?" கணவர் சிரித்தார். "மச்சான் கதை முடிஞ்சுது."

"என் டெஸ்ட் பாக்கி இருக்கு!"

"ஃபோன்லயா? வெளிச்சம் கூடும், குறையும். அது ஒரு டெஸ்ட்டா?"

"தானா மாறாதபடி நிறுத்திட்டேன். வெளிச்சம் முழுசா வச்சாச்சு. திரையைத் துடைச்சாச்சு. தூரம் அளந்தாச்சு. வேற என்ன பயம் உங்களுக்கு?"

"இதை நீ பண்ணா வீட்டுப் படி ஏறாத!"

"வீட்டை நீங்களே வச்சுக்குங்க!"

இன்ஸ்பெக்டர் வாட்ச்மேனின் முதுகுப் பக்கம் நின்று திரையைப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

முதல் மூன்று... சரி.

நான்காவது மங்கல். திரையில் 'கே'.

"என்..." என்றார் வாட்ச்மேன்.

அடுத்தது 'வி'.

"ஆர்..."

அவள் திரையை மெல்லத் தொட்டாள். எழுத்தே இல்லை. வெறும் வெள்ளை!

"ஜெட்!" என்றார் வாட்ச்மேன், கம்பீரமாக.

இன்ஸ்பெக்டர் விறுவிறுவென்று சுவரை நெருங்கி, சார்ட்டின் கடைசி வரியைக் கண் இடுக்கிப் பார்த்தார்.

என்... ஆர்... ஜெட்!

"யோவ்! யாருய்யா சொல்லிக் குடுத்தது?"

வாட்ச்மேன் பொலபொலவென்று அழுதுவிட்டார்.

"டாக்டர் ஐயாதான் சார்! நேத்து முழுக்க உக்கார வச்சு ஒப்பிக்க வச்சாரு. கண்ணு மங்கல்னு வெளியில சொன்னா வாட்ச்மேன் வேலை போயிடும்னு மிரட்டினாரு. தம்பி பேரைச் சொல்லச் சொன்னதும் அவருதான்!"

"அப்போ தள்ளினது யாரு?"

"உருவம் தெரியல சார். ஆனா 'காலாவதியான லென்ஸ் விஷயத்தை வெளிய சொல்லுவியா'ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு... ஐயா குரல்! கண்ணுதான் சார் மங்கல். காது கணீர்னு இருக்கு!"

கணவர் கதவை நோக்கிப் பாய்ந்தார். அங்கே குறுக்கே நின்றாள் அவள்.

"அடிப்பாவி... தாலி கட்டினவன்டி நான்!"

"அவன் என்கூடப் பிறந்தவன். நகர மாட்டேன்!"

விலங்கு மாட்டினார் இன்ஸ்பெக்டர். "வாங்க டாக்டர். எங்க ரூம்லயும் வெளிச்சம் கம்மிதான். நல்லா டெஸ்ட் பண்ணலாம்!"

சரி, வாசகர்களே... உங்கள் கண்ணை நம்பிக் கொடுப்பது சுவர்ச் சார்ட்டிடமா, ஃபோனிடமா? அவசியம் ஒரு வரி பதில் போடுங்கள்... பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதாமல்!